மொட்டைமாடியில் நின்று பருந்து எண்ணுவது எப்படி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, என் வெறுங்கால்தான். அக்டோபரில் மழை விட்ட ஒரு காலை எட்டு மணிக்குச் செருப்பில்லாமல் ஏறினால் தட்டோடு ஜில்லென்று இருக்கும். ஒன்பதேகாலுக்கு வெதுவெதுப்பு. பத்து மணி நெருங்கும்போது ஒரே இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி வைப்பேன். ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் மலைப்பக்கம் அன்றைய முதல் பருந்து இறக்கையை அடிக்காமலே வட்டம் போட்டு மேலே போகும். என் காலைச் சுடுகிற சூடுதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் வலசை போகும் பருந்துகளைப் பார்ப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி. எப்போது மாடி ஏறுவது, எந்தப் பக்கம் பார்ப்பது, ஏன் சில நாள் ஒன்றுகூட வராது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடி, கிண்டல் செய்தவர்கள் வாயை அடைத்தது. ராஜா வரப்போவதில்லை, விடுங்கள். மீதி இருப்பது மரம் இல்லாத மலை. நமக்கு அது ஒரு குறை, வெயில் காலத்தில் அந்தப் பாறைகள் ராத்திரி வரைக்கும் அனல் கக்குவதை இங்கே இருப்பவர்களிடம் சொல்லவே வேண்டாம். ஆனால் பருந்துக்கு வேண்டியதே அதுதான்.

காரணம் எளிது. வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு, முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. ஆனால் எல்லாத் தரையும் ஒரே வேகத்தில் சூடேறாது. ஏரித் தண்ணீரும் நெல்வயலும் மெதுவாக, மொட்டைப்பாறையும் தார் ரோடும் காய்ந்த ஆற்று மணலும் சட்டென்று. அப்படிச் சீக்கிரம் சூடேறிய இடத்துக் காற்று, சுற்றி இருக்கும் காற்றைவிட லேசாகிவிடுவதால், ஒரு தூண் மாதிரி மேலே கிளம்புகிறது. இதற்குத் தெர்மல் என்று பெயர். மேலே போகப் போக அது ஆறும், 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம். சுற்றியுள்ள காற்றின் வெப்பமும் இதன் வெப்பமும் சமமாகும் வரை ஏறும். அதில் ஈரம் போதுமான அளவு இருந்தால் உச்சியில் குளிர்ந்து பஞ்சுப்பொதி மாதிரி ஒரு மேகமாகிவிடும். ஆக, காலை பத்து மணிக்கு மலைமேல் புதிதாக முளைக்கும் சின்ன வெள்ளை மேகம் ஒவ்வொன்றும், அடியில் ஒரு தெர்மல் இருக்கிறது என்று எழுதி மாட்டிய போர்டு மாதிரி.

இந்தத் தூண் குறுகல். நேராகப் பறந்தால் பறவை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். அதனால்தான் வட்டம். உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சும்மா உயரம் சம்பாதித்துக்கொள்கிறது. போதுமான உயரம் வந்ததும் இறக்கையைக் கொஞ்சம் மடக்கி, போக வேண்டிய திசையில் சரிவாக வழுக்கிக்கொண்டே போய் அடுத்த தெர்மலைப் பிடிக்கிறது. பரமபதத்தில் ஏணி, பாம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே வித்தியாசம், இங்கே பாம்பில் இறங்கினாலும் முன்னால்தான் போகிறோம். இப்படியே நாள் முழுக்கப் போகலாம், இறக்கை அடிப்பதற்கு ஆகும் சக்தியில் ஒரு சின்னப் பங்குதான் செலவாகும். கனமான உடம்பும் அகலமான இறக்கையும் உள்ள பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடப்பது இந்தத் தந்திரத்தால்தான்.

கும்பாபிஷேகத்துக்குப் போனவர்கள் எல்லாருக்கும் இன்னொரு காட்சி தெரியும். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மேலே கருடன் வட்டமிடும், கூட்டம் மொத்தமும் கையைக் கூப்பும். முகூர்த்தம் பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில் இருக்கும், கருடன் என்று நாம் சொல்லும் செம்பருந்து மேலே ஏற வேண்டிய நேரமும் அதுவே. என் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, “அந்த நேரத்தில சூட்டை அனுப்பினது யாருடா?” என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

கடல்மேல் தெர்மல் அதிகம் கிளம்பாது. அதனால் அகன்ற இறக்கைப் பறவைகள் கூடுமானவரை கடலைச் சுற்றிக்கொண்டு, நிலம் குறுகலாக இருக்கும் இடங்களில் நெருக்கியடித்துப் போகின்றன. துருக்கியில் பாஸ்பரஸ் நீரிணை, ஸ்பெயின் முனையில் ஜிப்ரால்டர், தாய்லாந்தில் சும்போன். மெக்சிகோவில் வேராக்ரூஸ் என்று ஓர் இடம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இருக்கும் சமவெளி வழியாக ஒரு இலையுதிர் காலத்தில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் போகின்றன. வீடியோவில் பார்த்தால் வானத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

வேலூரில் அப்படி வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மாடி ஏறி, ஒரு வாரத்தில் வெறுத்துப்போய் பைனாகுலரைப் பரணில் போட்டவர்கள் எனக்குத் தெரியும் (முதல் வருஷம் நானே போட்டேன்). இங்கே அக்டோபர் காலை ஒன்றில் மூன்று மணி நேரம் நின்று, ஊர்க்காரப் பருந்துகளைக் கழித்துவிட்டு, தெற்கு நோக்கி நேராகப் போகிற நான்கு பறவை கிடைத்தால் அது நல்ல நாள்.

சரி, எது எதைப் பார்க்கலாம். பேச்சில் நாம் எல்லாவற்றையும் கழுகு என்றோ பருந்து என்றோ சொல்லிவிடுகிறோம், புத்தகங்களில் இவற்றுக்குப் பொதுவாக இரைகொல்லிப் பறவைகள் என்று பெயர். நிறத்தை நம்பாதீர்கள், வானத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். உருவத்தைப் பாருங்கள். கறிக்கடைப் பக்கம் நாள் முழுக்கச் சுற்றுகிற கள்ளப்பருந்துக்கு வால் நுனியில் மீன்வால் மாதிரி ஒரு பிளவு. செம்பருந்துக்கு, அதாவது கருடனுக்கு, வால் வட்டமாக முடியும். இந்த இரண்டையும் முதல் ஒரு மாதம் மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள், வேறு எதையும் தேட வேண்டாம், ஏனென்றால் இவை கண்ணுக்குப் பழகினால்தான் வித்தியாசமான ஒன்று வரும்போது வித்தியாசமாகத் தெரியும். மாமரத்திலிருந்து மாமரத்துக்கு நாலு தடவை இறக்கை அடித்து ஒரு வழுக்கு வழுக்கிப் போகும் சின்னது வல்லூறு. இவை மூன்றும் நம் ஊரிலேயே குடியிருப்பவை.

வலசை வருபவற்றில் ஆரம்பக்காரருக்குச் சுலபமானது பூனைப்பருந்து. இறக்கை இரண்டையும் V வடிவத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தள்ளாடுகிற மாதிரி வரும். சேற்றுப் பூனைப்பருந்து ஏரிக்கரைகளில் குளிர்காலம் முழுக்கத் தங்கும், காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி பெரிய ஏரியும் அதை ஒட்டிய வயல்களும் அதற்கு ஏற்ற இடம். மாண்டேகு பூனைப்பருந்தும் வெளிர் பூனைப்பருந்தும் கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே இறங்குபவை. அங்கே பனி கொட்டினால் எலியும் வெட்டுக்கிளியும் கிடைக்காது, அவ்வளவுதான் கதை. பூட்டட் ஈகிள் என்று ஒன்று, கள்ளப்பருந்து அளவுதான், வால் பிளவில்லை, வெளிர் நிறத்தில் இருக்கும் வகை அடியிலிருந்து பார்க்கும்போது உடம்பு வெள்ளையாகவும் இறக்கையின் பின்பாதி கறுப்பாகவும் தெரியும். எதிரே நம்மை நோக்கி வரும்போது தோள்பட்டையில் இரண்டு வெள்ளைப் புள்ளி, பஸ் ஹெட்லைட் மாதிரி. முதல் தடவை பார்த்தபோது பைனாகுலரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விராலடிப்பான் ஏரிகளுக்கு வருவது, இறக்கையை M மாதிரி மடித்துப் பறக்கும், பெயரிலேயே அதன் தொழில் இருக்கிறது.

கூரான இறக்கை உள்ளவை தனிச் சாதி. இவை தெர்மலைப் பயன்படுத்தினாலும் அதையே நம்பி இருப்பதில்லை, இறக்கை அடித்தே தூரம் போகும், கடலையும் தாண்டும். அமூர் வல்லூறைத்தான் சொல்ல வேண்டும் (மாமரத்து வல்லூறு வேறு, இது வேறு). புறா அளவுகூட இல்லை. தென்கிழக்கு சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்து, தென் ஆப்பிரிக்கா வரை போகிறது. வழியில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அக்டோபர், நவம்பரில் பெருங்கூட்டமாக இறங்கும். 2012இல் அங்கே வலை போட்டு ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றது வெளியே தெரிந்து பெரிய பிரச்சினையானது, அடுத்த வருஷமே அந்த ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தினார்கள். அதே 2013இல் மூன்று பறவைகளுக்குச் சாட்டிலைட் கருவி மாட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்து விட்டார்கள். அவை இந்தியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டி ஆப்பிரிக்கா சேர்ந்தன.

மழைக்கு அப்புறம் மாடிமேல் தட்டான் கூட்டம் கூட்டமாக மிதக்குமே, அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கலாம். மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009இல் எழுதினார். அமூர் வல்லூறும் அதே சமயத்தில் அதே பக்கம் போகிறது. கட்டுச்சோறு கூடவே பறந்து வருகிற மாதிரி. வேலூர் மேலே அமூர் வல்லூறு போகுமா என்றால், தட்டான் நிறைந்த நவம்பர் நாள் ஒவ்வொன்றிலும் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி எண்ணுவது. பார்ப்பது வேறு, எண்ணுவது வேறு. என் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு 63. குதித்துக்கொண்டு கீழே வந்து வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி மாடிக்குப் போனபோதுதான் புரிந்தது, கறிக்கடைப் பக்கத்துக் கள்ளப்பருந்துகள் எட்டோ ஒன்பதோ மலைக்கும் ரோட்டுக்கும் போய்ப் போய் வருகின்றன, நான் ஒவ்வொரு தடவையும் புதிதாக எண்ணியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேறு, கறிக்கடை ஜேஜே என்று இருந்தது.

இதற்கு வழி, வானத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வது. எங்கள் மாடியிலிருந்து மேற்கே ஒரு செல்போன் டவர், கிழக்கே ஒரு அபார்ட்மெண்ட்டின் தண்ணீர்த் தொட்டி. இரண்டையும் மனதில் ஒரு கயிறு கட்டி இணைத்துவிட்டேன். வடக்கிலிருந்து வந்து கயிற்றைத் தாண்டித் தெற்கே போய்க் கண்ணை விட்டு மறைகிறதா, ஒன்று. திரும்பி வந்து கயிற்றைத் தாண்டினால் ஒன்றைக் கழி. கயிற்றுக்கு இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால் அது நம் ஊர்க்காரர், தனிப் பத்தியில் எழுது. உலகத்தில் பெரிய எண்ணிக்கை மையங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு மலைமுகடு, எனக்குச் செல்போன் டவர்.

கூட்டம் வந்தால் என்ன செய்வது? தெர்மலுக்குள் பத்திருபது பறவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றும்போது எண்ணவே முடியாது, உலையில் அரிசி கொதிக்கும்போது பருக்கையை எண்ணுகிற கதைதான். ஆங்கிலத்தில்கூட அந்தக் கூட்டத்துக்குக் கெட்டில் என்றுதான் பெயர். முயற்சியே செய்யாதீர்கள். காத்திருங்கள். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரிசையாக வழுக்கிக்கொண்டு கிளம்பும் பாருங்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி, அப்போது எண்ணுங்கள். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் எண்ணுவதற்கு, நாமஜெபம் செய்பவர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன கவுண்டர் கோயில் வாசல் கடைகளில் கிடைக்கிறதே, அதைவிட நல்ல கருவி கிடையாது.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8x42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று கடைக்காரர் எதைக் காட்டினாலும் மயங்காதீர்கள், கை நடுங்கும், பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்கவே முடியாது. ஆனால் தேடுவதற்கு முதலில் வெறுங்கண்தான். வெறும் நீலவானத்தில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல் தடுமாறும், அதனால் மேகத்தின் விளிம்பை ஒட்டித் தேடுங்கள். காக்காவையும் கவனியுங்கள். காக்காக்கள் திடீரென்று ஒரே திசையில் கத்திக்கொண்டு எழும்பினால், கரிச்சான் எதையோ துரத்திக்கொண்டு மேலே போனால், அங்கே நமக்கு வேண்டியது இருக்கிறது. நம்மைவிட அவற்றுக்குத்தான் அக்கறை அதிகம்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கும் வேலூர் தோதான ஊர். அக்டோபரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், பறவைகள் வடக்கேயிருந்து வரும். மலைக்கு முதுகைக் காட்டி பாலாற்றுப் பக்கம், காட்பாடியை நோக்கி நின்றால் வெயில் பின்னால் இருக்கும், பறவைமேல் வெளிச்சம் விழும். மாடிப்படி ரூமின் நிழலையும் கணக்குப் பண்ணி நாற்காலி போடலாம். பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், ஒரு நொடி போதும் கண் போவதற்கு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அவை வடக்கே திரும்பிப் போகும், அதுவும் எண்ண வேண்டிய பருவம்தான், ஆனால் ஏப்ரல் கடைசி வாரம் மத்தியானம் வேலூரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மாடியில் நிழல் என்று ஒன்று இருக்காது. அந்த மாதம் காலை பத்தரைக்கு மேல் நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. தெர்மல் பலமாக இருந்தால் பறவையும் அந்நேரம் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், யாரும் புத்தகத்தில் எழுதாதது. மாடியில் பைனாகுலரோடு நிற்கும் ஆளை ஊர் எப்படிப் பார்க்கும்? எனக்கு மூன்றாம் நாளே புகார் வந்தது. எதிர் மாடியில் வடாம் காயவைக்க வந்த அக்கா, “இன்னா தம்பி, டெய்லி நிக்கிற, இன்னா பாக்குற?” என்று கேட்ட குரலில் சிரிப்பு இல்லை. கூப்பிட்டு, வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த கள்ளப்பருந்தை அவர் கையிலேயே பைனாகுலரைக் கொடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஐய, கண்ணு கூட தெரியுது” என்றார். எண்ண ஆரம்பிக்கும் முன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே பைனாகுலரை இறக்கவே இறக்காதீர்கள்.

நோட்டில் எழுத வேண்டியது பறவையும் எண்ணிக்கையும் மட்டும் இல்லை. தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், மேகம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து, எத்தனை பேர் பார்த்தீர்கள். நேரத்தை எழுதாத எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று சொல்வேன். மூன்று மணி நேரத்தில் 6 என்றால் மணிக்கு 2. ஒரு மணி நேரத்தில் 4 என்றால் அதுதான் பெரிய நாள், மொத்தம் குறைவாக இருந்தாலும். இப்படி மணிக்கு எத்தனை என்று மாற்றினால்தான் உங்கள் போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிட முடியும். ஒன்றும் வராத நாளில் 0 என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால், அன்றைக்கு நீங்கள் மாடிக்கே போகவில்லை என்று ஆகிவிடும். பறவை இல்லை என்பதும் ஒரு செய்தி. பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுவதாக இருந்தால் இதே விவரங்களைத்தான் அதுவும் கேட்கும், பார்த்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துப் பட்டியலிடச் சொல்லும், காக்கா மைனா உட்பட.

இப்படி எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்கக் கதை ஒன்று. பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகடு, வலசை போகும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் வரிசையாக நின்று சுட்டுத் தள்ளுவார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். அந்த இடம்தான் ஹாக் மவுண்டன். ப்ரூன் காவல் காத்ததோடு நிற்காமல், போகிற பறவைகளை எண்ணி எழுதிக்கொண்டே வந்தார். வெண்தலைக் கழுகில் இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்பது வரை. 1935 முதல் 1939 வரை அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதம். பெரிய கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன, பார்ப்பவருக்கு ஒன்றும் குறைந்த மாதிரி தெரிந்திருக்காது, ஆனால் குஞ்சு வரவில்லை. ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் 1962இல் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதியபோது இந்தக் கணக்கையும் சாட்சியாக வைத்தார். 1972இல் அமெரிக்காவில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்துக்குத் தடை வந்தது. ப்ரூன் மலைமேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோது அவருக்கு டி.டி.டி. பற்றி ஒன்றும் தெரியாது, அந்த வருஷத்தில் அது பூச்சிமருந்தாகவே ஆகியிருக்கவில்லை.

கடைசியாக ஒரு பத்தியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்: அடையாளம் தெரியாதவை. ஆரம்பத்தில் அதுதான் நிறைய நிரம்பும். ரொம்ப உயரம், அல்லது மேகத்துக்குள் போய்விட்டது, அல்லது அதே நேரத்தில் கீழேயிருந்து கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஊகித்து ஒரு பெயரை எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கும். போன அக்டோபரில் ஒரு நாள் பத்தேமுக்கால் இருக்கும், மலைமேல் மேகத்துக்கு அடியில் ஒரு கரும்புள்ளி, இறக்கை அடிக்கவே இல்லை, கயிற்றைத் தாண்டித் தெற்கே போயே போய்விட்டது. கள்ளப்பருந்தைவிடப் பெரிசு, வால் தெரியவில்லை. எதிர் மாடி அக்காவும் பார்த்தார். கருடன்தான் என்றார் அவர். கருடன் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. நோட்டில், 10.46, பெரியது, அடையாளம் தெரியவில்லை, 1.